60 லட்சத்துக்குப் பழைய ஆர்எஸ்6 அவான்ட்: மதுரையில் கட்டுப்படியாகுமா?

கேள்வி சுருக்கமாக: கே.கே. நகரில் வீடு, குடும்பத்தில் நான்கு பேர். மாதம் இரண்டு தடவை போடிமெட்டுக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வர வேண்டும், எப்போதாவது சென்னை. பெங்களூரில் 2016 மாடல் ஆடி ஆர்எஸ்6 அவான்ட் ஒன்று இருக்கிறது. கர்நாடகப் பதிவெண், 46,000 கி.மீ. ஓடியது, 60 லட்சம் சொல்கிறார்கள். பார்க்க அடக்கமான ஸ்டேஷன் வேகன் (பின்பக்கம் நீண்ட, எஸ்டேட் கார் என்றும் சொல்கிற வகை), உள்ளே ஸ்போர்ட்ஸ் கார். இருக்கிற காரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இன்னொரு கார் இருந்து, விலையும் வரியும் போக 12 முதல் 15 லட்சம் தொடாமல் தனியாக வைக்க முடிந்தால் வாங்கலாம். இருக்கிற காரை விற்றுவிட்டு, கையில் உள்ளதைத் திரட்டிப் போட்டு வாங்குவது என்றால் வேண்டாம். 2015 ஜூனில் இது இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 1.35 கோடி. வண்டியின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. ஆனையை மலிவாக வாங்கினாலும் அது தின்பது ஆனைத் தீனிதான்.

என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். 3,993 சிசி வி8 பெட்ரோல் (எட்டு சிலிண்டர், நாலு நாலாக ‘வி’ வடிவில்), இரண்டு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி), 560 குதிரைத் திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 3.9 விநாடி. விற்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். உங்களுக்கு அது பெரிய பயனில்லாத எண். பயன்படும் எண் வேறு: 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 1,750 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடுகிறது, 5,500 வரை அப்படியே நிற்கிறது. உசிலம்பட்டி தாண்டி கரும்பு டிராக்டர் ஒன்றின் பின்னால் 40-ல் மாட்டிக்கொண்டு, எதிரே 300 மீட்டர் காலியாகத் தெரியும்போது, சாதாரணக் காரில் மனக்கணக்குப் போட வேண்டும். இதில் காலை லேசாக அழுத்தினால் போதும், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். இது பாதுகாப்புக்கே உதவுகிற வேகம். 100-க்கு மேலே 250 வரை இருப்பதற்கு நம்மூரில் இடம் கிடையாது. நான்குவழிச் சாலையிலேயே சட்ட வரம்பு 100 தான். சட்டத்தை விட்டாலும், திருமங்கலம் பக்கம் எதிர்த்திசையில் வரும் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு உங்கள் வண்டியின் குதிரைத் திறன் தெரியாது.

டிக்கி 565 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 1,680 லிட்டர். எஸ்யூவியைவிடத் தாழ்வான வாய் என்பதால் அண்டாவோ ஏலக்காய் மூட்டையோ இடுப்பு உயரத்துக்குத் தூக்காமலே உள்ளே தள்ளலாம். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு விஷயம்: 2020-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்245-ன் டிக்கி 590 லிட்டர். அதன் பின்கண்ணாடியும் டிக்கி மூடியோடு சேர்ந்து முழுதாகத் திறக்கும். இடத்துக்காக மட்டும் ஆர்எஸ்6 என்றால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

அடக்கம் என்கிற விஷயம் மதுரையில் இரண்டு பக்கமும் வெட்டும். 1992-ல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்ட்யூரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2004-ல் இண்டிகோ மெரினா என்று வரிசையாக வந்து, எதுவும் நிலைக்கவில்லை. பின்பக்கம் நீண்ட கார் என்றால் நம்மவர் கண்ணுக்கு டாக்ஸி, இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ். ஒன்றரைக் கோடியைத் தொட்ட வண்டியில் போய்க் கல்யாண மண்டபத்தில் இறங்கினாலும், பக்கத்தில் நிற்கும் வெள்ளை ஃபார்ச்சூனருக்குத்தான் சல்யூட் விழும். உங்களுக்கு அதுதான் வேண்டும் என்றால் சரி. விற்கும்போது அதே குணம் திரும்பிக் கடிக்கும். இதன் அருமை தெரிந்து வாங்குகிறவர்கள் பெங்களூரு, கொச்சி, சென்னை என்று விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசரப் பணத்துக்கு விற்கக்கூடிய பொருள் இல்லை இது.

இனி இன்ஜின். வாங்குவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் இதில்தான் முடிவாகும். பல வி8 இன்ஜின்களில் டர்போ இரண்டும் இரு பக்கமும் வெளியே தொங்கும். இதில் இரண்டும் ‘வி’யின் நடுவே, இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. புகை போகும் வழி குட்டையாவதால் டர்போ சட்டென்று சுழலும். 1,750-லேயே முழு இழுவை வருவதில் அதற்குப் பங்கு உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை சூடு. இரண்டு தணலையும் ஒரே அடுப்பில் போட்டு மூடி வைத்த மாதிரி. டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் ஒரு சின்ன கம்பிவலை இருக்கிறது. சூட்டில் கரிந்த ஆயிலின் கசடு அந்த வலையில் படிந்து படிந்து அடைக்கும். ஆயில் குறைந்தால் டர்போவின் தண்டு வறண்டு ஓடி, பேரிங் தேய்ந்து, ஒருநாள் டர்போ போய்விடும். இதே 4.0 இன்ஜின் பொருத்திய எஸ்6, எஸ்7, ஆர்எஸ்7, எஸ்8 வகைகளை அமெரிக்காவில் கம்பெனியே திரும்ப அழைத்தது இந்த வலைக்காகத்தான்.

ஆகவே விற்கிறவரிடம் முதல் கேள்வி: ஆயில் வலை மாற்றியிருக்கிறதா, மாற்றியிருந்தால் சேஸிஸ் எண் போட்ட பில் எங்கே? ‘டர்போ எல்லாம் பக்காவா இருக்கு சார்’ என்ற பதிலுக்கு மதிப்பில்லை. பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வலை விலை அற்பம். அதை எட்டிப்பிடிக்கிற கூலிதான் பெரிது, ஏனென்றால் சூடு தடுக்கும் தகடுகள், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றித்தான் அந்த இடத்துக்குக் கை போகும். டர்போவே போயிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். 12 லட்சத்தைத் தனியாக வையுங்கள் என்று நான் சொன்னதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். ‘வார்ம் அப் பண்ணி ரெடியா வைக்கிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம், அதாவது கேபினை ஒட்டிய பக்கம், காது கொடுங்கள். இந்த இன்ஜினில் டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸ் ஓரம் இருக்கிறது. ஓரிரு விநாடி கரகரத்துவிட்டு அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேலும் சங்கிலி உரசும் சத்தம் நீடித்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் கோளாறு, அதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும். பிறகு நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். நீலப் புகை தள்ளினால் டர்போவின் சீல் ஆயிலை விடுகிறது. வெள்ளை நீராவி காலைக் குளிரில் வருவது வேறு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்கேன் கருவி இல்லாமல் இந்த வண்டியை வாங்கக் கூடாது. பழைய பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காட்டுவது எளிது என்பதால், குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்றாவது கியரில் 2,000-லிருந்து 5,000 ஆர்பிஎம் வரை முழு மிதியில் போகும்போது, இன்ஜின் கேட்கிற பூஸ்ட் அழுத்தமும் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) உண்மையில் கிடைக்கிற அழுத்தமும் எத்தனை தூரம் ஒட்டிப்போகின்றன என்று பதிவு எடுக்கச் சொல்லுங்கள். கிடைப்பது தொடர்ந்து பின்தங்கினால் கசிவோ டர்போ தளர்வோ இருக்கிறது. யாராவது ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, குதிரைத் திறனைக் கூட்டியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். 560 போதாது என்று நினைத்தவர் வண்டியை எப்படி ஓட்டியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றடைக்கும் பைகள்மேல் வண்டி நிற்கும் அமைப்பு. இதற்கு ஸ்கேனர் வேண்டாம், தையல் டேப் போதும். மாலையில் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மூடியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, வண்டியைத் திறக்காமலே மறுபடி அளங்கள். கதவைத் திறந்தாலே கம்ப்ரஸர் ஓடி அளவைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஒரு மூலை மட்டும் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பை கசிகிறது. கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பை செலவு ஒரு பை, ஒரு கம்ப்ரஸர் ஆகிவிடும். இதற்காக ஒரு ராத்திரி பெங்களூரில் தங்க வேண்டியிருக்கும். தங்குங்கள்.

தண்ணீர்ச் சேதம். வண்டி இடையில் சென்னையில் இருந்திருந்தால் இரட்டிப்புக் கவனம். பெங்களூரிலும் மழைக்கு ஏரியாகும் தெருக்கள் உண்டு. இந்த வண்டியில் பேட்டரி டிக்கித் தரைக்கு அடியில். அங்கே தரைப்பலகையைத் தூக்கி, பள்ளத்தில் துரு, காய்ந்த சேறு, உப்புப் பூத்த கனெக்டர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே சுத்தமாகவும் கடைசி ஒரு முழம் பழுப்பாகவும் இருந்தால், தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். அதற்கு மேல் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

டயருக்கு வருவோம். 20 அங்குல வீலில் 275/35, 21 அங்குல வீலில் 285/30. இந்த எண்களை அப்படியே விட்டுவிடாமல் பெருக்கிப் பாருங்கள். 285-ல் 30 சதவீதம் என்றால் டயரின் பக்கச்சுவர் 85 மி.மீ. சொச்சம். 275-ல் 35 சதவீதம் 96 மி.மீ. ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர் மட்டும்தான், அதன்மேல் இரண்டு டன் எடை. அந்த 11 மி.மீ. வித்தியாசம் நம் சாலைகளில் ஒரு ரிம்மைக் காப்பாற்றும். எனவே 20 அங்குல வீல் இருக்கிற வண்டியைத் தேடுங்கள், 21 அழகு என்று யார் சொன்னாலும். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஒரு டயர் போனால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவதும் கூடாது. நான்கு சக்கர இழுவையில் சுற்றளவு வேறுபட்டால், சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். செட்டாகவே மாற்ற ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஞ்சர் கிட்தான் கொடுப்பார்கள், ஸ்டெப்னி கிடையாது. போடிமெட்டில் பக்கச்சுவர் கிழிந்தால் அந்த கிட் பசைக்கு வேலையே இல்லை.

வேகத்தடை பற்றிக் கொஞ்சம் கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். ஆர்எஸ்6-ன் முன் பின் சக்கர இடைவெளி 2.9 மீட்டர். சட்டப்படி கட்டிய தடையில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கும், அடி தட்டாது. நம் கிராமத்து எல்லைகளில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் தடை அப்படி இல்லை: அகலம் ஒரு மீட்டர், உயரம் அரை முழம். முன் சக்கரம் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடு வயிறு தடையின் மேல் உட்காரும். குறுக்காக ஏறுவது முன் பம்பரைக் காப்பாற்றும், வயிற்றை ஓரளவுதான். ஏர் சஸ்பென்ஷனால் ஒரு நன்மை, நான்கு பேரும் மூட்டையும் ஏறினாலும் பின்பக்கம் அமுங்காமல் உயரத்தைச் சமன்செய்துகொள்ளும். உயரத்தை அளக்க எளிய வழி: நம்மூர்ச் செங்கல் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தினால் நாலரை அங்குலம், அதாவது 114 மி.மீ. ஆட்களை ஏற்றி உட்காரவைத்து, வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கு அந்தச் செங்கலை நுழைத்துப் பாருங்கள். இழுபறியாக இருந்தால், தோட்டத்துக்குள் போகிற கடைசிப் பாதை உங்களுக்கு இல்லை என்று பொருள். அங்கே எப்படியும் ஜீப்தான். எஸ்டேட் கார் என்று பெயர் இருப்பதால் எஸ்டேட்டுக்குள் போய்விடாது.

பெட்ரோல். மூடிக்குள் ஒட்டியிருக்கும் வாசகம் 98 ஆக்டேன் கேட்கும். இந்த வண்டி எத்தனால் பத்து சதவீதம் வரை தாங்கும் காலத்தில் வடிவமைத்தது, நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்த இ20. ஆக்டேன் குறைந்தால் இன்ஜின் உடனே கெட்டுவிடாது. பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பதை நாக் சென்சார் உணர்ந்து இக்னிஷனைத் தாமதப்படுத்தும். இழுவை குறையும், மைலேஜ் குறையும், சூடு கூடும். சித்திரை வெயிலில், 40 டிகிரியில், ஏற்கெனவே அடுப்பாக இருக்கும் அந்த ‘வி’க்கு இது கூடுதல் சுமை. ஐஓசியின் எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் எந்த பங்கில் தவறாமல் வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல் கூடக் கேட்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்று எடுத்து ஓட்டினால் டேங்கில் அரைகுறையாக விட்டுவைக்கக் கூடாது: ஒன்று நிரப்பி வையுங்கள், இல்லையேல் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நின்றே கிடக்கும் வண்டியின் பானட்டுக்குள் எலி குடியேறி வயரைக் கடிப்பது இன்னொரு தொல்லை, இது எந்த விலைக் காருக்கும் பொது.

மைலேஜ் ஊருக்குள் நான்கைந்து, நான்குவழிச் சாலையில் நிதானமாகப் போனால் எட்டு ஒன்பது. சராசரி ஆறு என்று வைத்து வருடம் 10,000 கி.மீ. ஓட்டினால் சுமார் 1,670 லிட்டர், சாதாரணப் பெட்ரோல் விலையிலேயே ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டி. டேங்க் 75 லிட்டர் என்பதால் சென்னைக்கு ஒரு டேங்கில் போய்ச் சேரலாம்.

பராமரிப்பில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஆயில். கம்பெனி சொல்லும் நீண்ட இடைவெளி ஐரோப்பியக் குளிருக்கு எழுதியது. நம் சூட்டுக்கும் தூசிக்கும் சிக்னல் சிக்னலாக நிற்பதற்கும் 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. ஃபோக்ஸ்வாகனின் 502 00 அல்லது 504 00 அனுமதி எண் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும், அளவு எட்டு லிட்டர் சுமாருக்கு. ஆயில் வலை அடைபடுவதைத் தள்ளிப்போடும் மலிவான வைத்தியம் இதுதான். மலை ஏறி இறங்கியதும் சாவியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், சூட்டை வெளியேற்றத்தான் ஓடுகிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் கியரைக் கையால் இரண்டு, மூன்றில் நிறுத்துங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் சேர்ந்த பிரேக் ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், இரண்டு டன் வண்டியை மலையில் அப்படி இறக்குவது விளையாட்டல்ல. செராமிக் பிரேக் போட்ட வண்டி என்றால் டிஸ்க்கின் நிலையை எழுத்தில் வாங்காமல் தொடாதீர்கள். அது தேய்ந்திருந்தால் மாற்றும் செலவில் ஒரு சின்னக் காரே வாங்கலாம். சாதாரண இரும்பு டிஸ்க் உங்கள் தேவைக்கு ஏராளம்.

பழுதானால் எங்கே கொண்டுபோவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இந்த வி8-ஐக் கழற்றிப் பழகிய கை எந்தப் பட்டறையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி, போர்டில் ஆடியின் நான்கு வளையம் இருக்கிறதா என்பதல்ல. சென்னை 460 கி.மீ., பெங்களூரும் ஏறக்குறைய அவ்வளவு. முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டியில் இதை ஏற்றக் கூடாது. நான்கு சக்கரமும் தரையைவிட்டு மேலே இருக்கும் தட்டு லாரிதான் வேண்டும், அதிலும் ஏறுபலகை நீளமானதாக.

காகித வேலை. பெங்களூர் வண்டியில் பலர் கோட்டைவிடும் இடம் இது. கர்நாடக ஆர்டிஓவில் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி, கடன் இருந்தால் ஃபார்ம் 35, கைமாற்றத்துக்கு 29, 30, இங்கே புதிய எண்ணுக்கு 27. அதெல்லாம் நடந்துவிடும். வரிதான் விஷயம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். ஆனால் அந்த விகிதம் விழுவது நீங்கள் கொடுக்கும் 60 லட்சத்தின்மேல் அல்ல, வண்டியின் அசல் விலையின்மேல். கோடிக்கு மேல் இன்வாய்ஸ் உள்ள வண்டிக்கு அந்தத் தொகை பத்து லட்சத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில், டிஎன் 58, 59, 64-ல் உங்கள் முகவரி எதில் வருகிறதோ அங்கே, ஆர்சி நகலையும் அசல் இன்வாய்ஸையும் காட்டிக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அட்வான்ஸ். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். ‘கேஏ நம்பரிலேயே ஓட்டலாம் சார், யார் கேட்கப்போறா’ என்பார் புரோக்கர். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். விபத்து க்ளெய்மில் இது தலைவலியாகும். பத்து லட்சம் கூடச் சொன்னாலும் தமிழ்நாட்டுப் பதிவில் ஒன்று கிடைத்தால் அது மலிவாகவே முடியும்.

இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம். 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருடம் 7,897 ரூபாய், அது பெரிதல்ல. சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும், எந்த மதிப்புக்கு (வண்டி முழுதாகப் போனால் தரும் தொகை) ஒப்புக்கொள்கிறார்கள் என்பதும்தான் பெரிது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பைப் பேசித்தான் முடிப்பார்கள், அதை 60-க்குக் கீழே வெகுவாக இறக்கிவிட்டால் பிரீமியம் குறைந்ததே என்று சந்தோஷப்படாதீர்கள்.

சரி, ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் என்ன வாங்கலாம்? உங்கள் வழித்தடத்துக்கு என் முதல் தேர்வு, 2017-ல் 60 லட்சத்துக்கு வந்த வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, பழையது. இதுவும் அசல் எஸ்டேட் கார். 2 லிட்டர் டீசல், 235 குதிரைத் திறன், 480 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கர இழுவை, டிக்கி 560 லிட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். மேலே சொன்ன செங்கல் நிமிர்ந்து நின்றாலும் தட்டாத அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. கரும்பு டிராக்டரைத் தாண்ட ஆர்எஸ்6 எடுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகும், ஆனால் தாண்டும். 2018-ல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல்-டெரெய்ன் அதைவிட அமைதியான வண்டி, டிக்கியும் 640 லிட்டர். உயரம் ஏர் சஸ்பென்ஷனை முழுதாகத் தூக்கினாலும் 156 மி.மீ. தான். இரண்டுமே குறைந்த எண்ணிக்கையில் விற்றவை, பதிவெண்ணையும் சர்வீஸ் புத்தகத்தையும் பார்த்துப் பொறுமையாகத் தேட வேண்டும்.

வேகம்தான் முக்கியம், வேகன் உடம்பு கட்டாயமில்லை என்றால் பிஎம்டபிள்யூ எம்340ஐ. 3 லிட்டர் ஆறு சிலிண்டர், 500 நியூட்டன் மீட்டர், 4.4 விநாடி. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே பூட்டப்படுவதால் உதிரிபாகத்துக்கு ஆர்எஸ்6 அளவு காத்திருப்பு இல்லை. தோற்றமும் அடக்கமானதுதான், சாதாரண 3 சீரிஸிலிருந்து பிரித்தறியக் கண் பழகியிருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் முன்பு சொன்ன ஆக்டேவியா ஆர்எஸ்245: புதிதாக 36 லட்சம், நாடு முழுக்க 200 வண்டிதான். 2025 அக்டோபரில் 265 குதிரைத் திறனோடு வந்த புது ஆர்எஸ்ஸும் 100 வண்டியோடு நின்றுவிட்டது. கிடைத்தால் விடாதீர்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் மனசு ஆர்எஸ்6-லேயே நின்றால், பெங்களூருக்கு பஸ் ஏறும் முன் வீட்டு வாசலில் ஒரு வேலை இருக்கிறது. மதுரையில் தெருவைப் பெயர்க்காமல் மேலே மேலே போட்டே வருவதால் பல வீடுகளில் கேட்டுக்கு முன்னால் குட்டையான, செங்குத்தான சரிவு இருக்கும். ஒரு நீளக் கம்பை மட்டமாகப் பிடித்து, சரிவு எத்தனை அடி நீளத்தில் எத்தனை அடி உயர்கிறது என்று அளங்கள். ஒரு அடி உயர்வுக்கு ஆறு அடியாவது நீளம் வேண்டும்; ஐந்தென்றால் முன் பம்பர் உரசும் எல்லை, நாலென்றால் தினமும் உரசும். தெருப்பக்கம் சாக்கடைமேல் நீட்ட மாநகராட்சி விடாது, உள்பக்கம்தான் நீட்ட வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டு அதற்கு என்ன ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையையும் 60 லட்சத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.